டேங்கில் மிச்சமிருந்த பெட்ரோல்

தாம்பரத்துக்குத் தெற்கே புதிதாகப் போட்ட பந்தயத் தடத்தில் அதுதான் முதல் நீண்டநேரக் கார் பந்தயம். நானும் நண்பன் சேகரும் ஒரே காரை, பெட்ரோல் தீரத் தீர மாறி மாறி ஓட்டினோம். என் முறை பாதியில் இருக்கும்போதே எங்கள் குழுவினர் காரைத் தடத்திலிருந்து உள்ளே கொண்டுவரச் சொன்னார்கள். கடுப்போடு இறங்கினேன்.

இறங்குகிறவன்தான் ஏறுகிறவனுக்கு பெல்ட் மாட்டிவிட வேண்டும். "இன்னும் பெட்ரோல் இருக்குடா! எதுக்குடா அதுக்குள்ள கூப்டீங்க?" என்று கத்திக்கொண்டே குனிந்தேன். சேகர் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், உங்கப்பா போயிட்டாருடா. வீட்லேர்ந்து போன் வந்துச்சு. நீ கெளம்பு, மிச்சத்த நான் ஓட்டிக்கிறேன்."

கையை விடுவித்து, பெல்ட்டை இறுக்கி, ஹெல்மெட்டைத் தட்டி அவனை அனுப்பினேன்.

பீர்க்கன்கரணை வீட்டுக்குப் போகும் வழியில், பெருங்களத்தூர் நெரிசலில் ஆட்டோ நின்றது. அழுகை வரவில்லை. டேங்கில் இன்னும் பெட்ரோல் இருந்ததே என்றுதான் தோன்றிக்கொண்டிருந்தது.

இன்றும் அப்பாவை நினைத்தால் முதலில் தோன்றுவது அதுதான்.