மஞ்சள் பூசிய வேம்பு

எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு நன்றி சொல்லப் பழக்கப் போய், ஒரு பெண் குழந்தையின் முதுகில் புளியம் விளாறு விழுந்தது. நான் எட்டாவது வரைதான் படித்தவள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கச்சிராயபாளையத்தில் கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் அம்மாக்கள் வீடு திரும்ப இருட்டிவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கம்பக்கத்துச் சிறுசுகளை என் வாசலில் சேர்த்துக்கொள்வேன். செல்போனைப் பிடுங்கி அலமாரியில் வைத்துவிட்டு, ஆலிலையில் தொன்னை, பூவரசு இலையில் பீப்பி, வேப்பங்கொழுந்தில் மாலை என்று ஏதாவது செய்யச் சொல்வேன். செய்து முடித்ததும் இலை கொடுத்த மரத்துக்கே அதைப் போட்டு, அது நமக்கு என்ன கொடுத்தது என்று அவரவர் வாயால் சொல்ல வேண்டும். சாமி கொடுப்பதைச் சும்மா வாங்கித் தின்னக் கூடாது என்பது என் எண்ணம்.

அதில் ஒருத்தி எதிர்வீட்டுக் குத்தகைக்காரரின் மகள். இரண்டாம் வகுப்பு. அவர்கள் வீட்டு முன்னால் ஒரு பெரிய வேம்பு. வீடோ மழை வந்தால் உள்ளே குண்டான் வைக்கிற ஷீட் வீடு. அந்த வருஷம் அவர்களுக்கு அரசாங்க வீடு சாங்ஷன் ஆகியிருந்தது. வேம்பு நிற்கிற இடத்தில்தான் கடைக்கால் எடுக்க வேண்டும். மாசக் கடைசிக்குள் பள்ளம் தோண்டாவிட்டால் வீடு வேறு ஆளுக்குப் போய்விடும் என்று ஆபீசில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மரத்தை வெட்ட ஆள் பேசியிருப்பது குழந்தைக்குத் தெரியாது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், நான் பழக்கியதை வீட்டிலும் செய்திருக்கிறாள். மாலை மட்டும் போட்டிருந்தால் ஒன்றுமில்லை. அழகாக இருக்கட்டும் என்று அம்மாவின் மஞ்சளைக் குழைத்து அடிமரம் முழுக்கப் பூசி, குங்குமம் வைத்து, பழைய மஞ்சள் புடவையில் ஒரு துண்டு கிழித்துக் கட்டிவிட்டாள். எங்கள் பக்கத்தில் வேம்புக்கு மஞ்சள் துணி கட்டினால் அங்கே மாரியம்மன் வந்துவிட்டாள் என்று அர்த்தம். செவ்வாய்க்கிழமை விடிந்ததும் தண்ணீருக்குப் போன பெண்கள் பார்த்து, யார் கட்டியது என்று கேட்காமலே ஒருத்தி விளக்கு வைத்தாள், இன்னொருத்தி எலுமிச்சம்பழம் அறுத்து வைத்தாள்.

மிஷின் ரம்பத்தோடு வந்த மரம் வெட்டுகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்றார்கள்.

"அம்மா குந்திக்கினு இருக்கா. நம்மால ஆவாதுங்க" என்றார் அவர்களில் பெரியவர்.

"என் வூட்டு மரத்துல ஏதுய்யா அம்மா?" என்றார் குழந்தையின் அப்பா.

"நேத்து இருந்தாளோ இல்லியோ. இன்னிக்கி இருக்கா."

அவர் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். அவர்கள் அசையவில்லை. பிறகுதான் அந்தத் துணி தன் பெண்டாட்டியின் புடவைத் துண்டு என்று கண்டு, வீட்டுக்குள் போனார்.

அவள் அம்மா விடியுமுன்னே கரும்பு வெட்டுக்குப் போயிருந்தாள். கல்லில் துணி துவைக்கிற மாதிரி சத்தம் கேட்டு நான் ஓடினேன். குழந்தையின் முடியை ஒரு கையில் சுற்றிப் பிடித்திருந்தார். மறு கையில் விளாறு. பள்ளிக்கூடச் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

"எந்த சாமிடி உன்ன கட்டச் சொல்லிச்சி?"

"நெழலு குடுத்துச்சில்லப்பா, அதுக்குதான் கட்டினேன்."

அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். சொல்லச் சொல்ல அடி விழுந்தது. நடுவில் புகுந்தேன். ஒரு அடி என் முழங்கையில் விழுந்து தோல் பிளந்தது. அவர் நிறுத்தவில்லை. என்னை நெட்டித் தள்ளினார், ஷீட்டில் போய் மோதி விழுந்தேன். பிறகு விளாறு முறிந்தது. அதை எறிந்துவிட்டு, கூரையில் செருகியிருந்த அரிவாளை உருவிக்கொண்டு வெளியே போனார்.

மரத்தை ஒரு ஆளை வெட்டுகிற மாதிரி வெட்டினார். மஞ்சள் பூசிய பட்டை சில்லுச் சில்லாகப் பறந்தது. விளக்கு உருண்டு அணைந்தது. "வா, வந்து என்ன இன்னா பண்ணுவியோ பண்ணு" என்று மரத்தைப் பார்த்துக் கேட்டுக்கேட்டு வெட்டினார். அரிவாள் ஒரு கணுவில் பட்டுத் திரும்பி, அவர் கெண்டைக்காலைப் பிளந்தது. ரத்தம் மஞ்சள் மேல் தெறித்தது.

"பலி வாங்கிட்டா" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

அந்த வார்த்தை அவரை என்ன செய்ததோ, தன் காலைக்கூடப் பார்க்காமல், அரிவாளோடு குழந்தையின் பக்கம் திரும்பினார். அவள் வாசற்படியில் நின்றிருந்தாள். வெட்ட வந்தவர்கள், தண்ணீருக்கு வந்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள். ஒருவர் கால் அடி எடுத்து வைக்கவில்லை. ரத்தம் கேட்டது சாமி என்று அவர்களே சொல்லிக்கொண்டுவிட்டார்கள்.

நான் குழந்தைக்கு முன்னால் போய் நின்றேன்.

"தம்பி, கொழந்தைய வுடு. நான் பழக்கின பழக்கம் இது. அம்மாவ நானே எழுப்பி என் வூட்டுக்குக் கூட்டினு போறேன். நீ மரத்த வெட்டிக்க."

"அம்மாவ டவுன் பஸ்ல ஏத்தி அனுப்பப் போறா" என்று யாரோ சொன்னார்கள். யாரும் சிரிக்கவில்லை.

வருஷா வருஷம் தீச்சட்டி எடுக்கிறவள் நான். அம்மன் உட்கார்ந்த இடத்தில் துணியை அவிழ்ப்பது என்றால் என் தாலியில் கை வைக்கிற மாதிரி. ஆனாலும் சூடம் கொளுத்தினேன். தாயே, இந்தக் குழந்தையை அடித்துத்தான் உனக்கு இங்கே இடம் வேண்டுமா, என் கொல்லை வேம்புக்கு வந்துவிடு, குற்றம் இருந்தால் அது என் தலைமேல் என்று வேண்டிக்கொண்டு முடிச்சை அவிழ்த்தேன். ரத்தம் ஊறிய துணியை ஏந்திக்கொண்டு ஒரு கையில் அவளையும் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தேன். பின்னால் அரிவாள் மண்ணில் விழுகிற சத்தம் கேட்டது.

அப்புறம் ரம்பம் அலறியது. மரம் சாயும்போது ஒரு கிளை ஷீட்டைப் பிய்த்துக்கொண்டு விழுந்தது. அவள் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. நான் முதுகுக்குத் தேங்காயெண்ணெய் தடவத் தடவ, விழுந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறும் வந்தாள். ஏரிக் களிமண்ணில் மாடு செய்தோம். மற்ற பிள்ளைகள் மண்ணுக்கு நன்றி சொன்னார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை, நானும் சொல்லு என்று சொல்லவில்லை. செய்த மாட்டைக் கீழே வைத்து உள்ளங்கையால் அடித்தாள். தட்டையான பிறகும் அடித்தாள். கை சிவந்து போனது. பெரியவளாய் நான் பிடித்து நிறுத்தியிருக்கலாம். ஆனால் அம்மனும் கோபக்காரிதானே என்று விட்டுவிட்டேன்.

காலில் கட்டோடு அவளைக் கூப்பிட வந்த அவள் அப்பா, வேலியோரம் நின்றார்.

"இன்னாக்கா பண்ணுது அது?"

"உங்கிட்ட வாங்கினத மண்ணுக்குக் குடுக்குது."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே மண்ணில் இன்னும் ஒரு அடி போட்டாள். கூப்பிட வந்தவர் கூப்பிடாமலே, காலை இழுத்துக்கொண்டு திரும்பிப் போனார்.