எனக்கு எப்ப மாமா?

"எனக்கு எப்ப மாமா?"

கேட்டவன் என் அக்கா மகன் விக்கி. வயது பதின்மூன்று. இடம் – மும்பை தாராவியில் அக்கா வீட்டுச் சந்தில் போட்டிருந்த பந்தல். அவனோடு பிறந்த காவ்யா வயசுக்கு வந்த சடங்கு. தாய்மாமன் நான். மாலையை எடுத்து அவள் கழுத்தில் போடப்போன விநாடியில்தான் இப்படிக் கேட்டான்.

இரட்டைப் பிள்ளைகள். காவ்யா சில நிமிடம் மூத்தவள். அதை யாரையும் மறக்க விடமாட்டாள்.

கேள்வியின் முதல் பாதி அவனுடைய பழைய கீச்சுக் குரலில் வந்தது. மறுபாதி யாரோ லாரி டிரைவர் பேசியது மாதிரி. பந்தலே சிரித்தது.

"ஏல, ஒனக்கும் ஓலைக் குடிசை கட்டணுமோ? ஒங்க மாமன் இன்னொரு டாக்ஸி பிடிக்கணும்லா!" என்றார் ஒரு பெரியம்மா.

டாக்ஸி கதை ஊருக்கே தெரிந்துவிட்டது. குடிசை கட்டத் தென்னங்கீற்று தாய்மாமன்தான் கொண்டுவர வேண்டும். மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழையிலை விற்பவரிடம் சொல்லி வைத்து வாங்கினேன். மாட்டுங்காவுக்குள் ஆட்டோ கிடையாதே? டாக்ஸி மேல் கட்டிக்கொண்டு வந்தேன். "க்யா பாய், பூரா ஜங்கல் லேகே ஜா ரஹே ஹோ?" – காட்டையே தூக்கிக்கொண்டு போகிறாயா – என்று டிரைவர் வழியெல்லாம் புலம்பினார். அக்காவின் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் அந்தக் கீற்றைச் சாய்த்ததும் மிச்சம் இருந்தது... கேஸ் அடுப்பு மட்டும்தான். விக்கியும் மச்சானும் சந்தில் படுத்தார்கள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். ஆனால் விக்கி சிரிக்கவில்லை. விருட்டென்று எழுந்து போய்விட்டான்.

"அவளுக்குச் செய்யுதது இவனுக்குப் பொறாமை" என்றாள் அக்கா. "ஒரு மாசமா இப்படித்தான் தம்பி. தொட்டதுக்கெல்லாம் எரிஞ்சு விழுதான். கபடிக்கும் போகல. உசுரா இருந்தான் அதுல!"

கபடிக்குப் போகவில்லையா? இது எனக்குச் செய்தி. எங்கள் சந்து டீமின் நல்ல ரைடர் அவன். மழை முடிந்ததும் போட்டி. ஜெர்சியில் பெயர் அடிக்கக் கொடுத்தவனே அவன்தான்.

சாப்பாடு முடிந்தது. வாடகைக்கு எடுத்த அண்டாவைத் திருப்பித் தர வேண்டும். "வாலே" என்று விக்கியை இழுத்துக்கொண்டு போனேன். அண்டாவை ஆளுக்கொரு காதாகப் பிடித்துக்கொண்டு நடந்தோம். ஒரு பைக்குக்கு ஒதுங்கும்போது அண்டாவின் விளிம்பு விக்கியின் நெஞ்சில் லேசாகத் தட்டியது.

அவன் போட்ட சத்தம் இருக்கிறதே!

"என்னலே, பூ மாதிரி பட்டதுக்கு இந்தக் கத்து கத்துதே? ரைடரா நீ?"

"நான் ரைடர் இல்ல. விட்டுட்டேன்."

"ஏன்?"

அண்டாவைக் கீழே வைத்தான். அக்கம் பக்கம் பார்த்தான். பிறகு, எனக்குக் கேட்கிறதா இல்லையா என்ற அளவில் சொன்னான்.

"நெஞ்சுக்குள்ள ஒரு கட்டி இருக்கு மாமா. புடிச்சா உயிர் போகுது. மொபைல்ல தேடினேன்... கேன்சர்னு வருது."

அவன் இன்னும் முடிக்கவில்லை.

"இல்லன்னா... நானும் காவ்யா மாதிரி ஆயிட்டு வாரேனா மாமா? அதான் கேட்டேன். எல்லாரும் சிரிக்காங்க."

வாரா வாரம் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் ரயில் முதல் ரசம் வரை எல்லாவற்றுக்கும் கருத்து சொல்கிறேனே – அதே வாயால் 'அதெல்லாம் ஒண்ணும் இல்லடா' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஒன்றும் இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?

"எனக்குத் தெரியலலே" என்றேன். "தெரிஞ்சவங்ககிட்டப் போவோம். நாளைக்கே."

ஒரு மாதம்! சடங்கு வீட்டின் இரைச்சலில், சந்து முனையில் அக்கா வைத்த ஃபிளெக்ஸ் பேனரில் காவ்யா பட்டுப் பாவாடையோடு சிரித்துக்கொண்டிருக்க, இவன் தான் சாகப்போவதாக நினைத்துக்கொண்டு வந்தவர்களுக்குப் பந்தி பரிமாறியிருக்கிறான்.

மறுநாள் ஆபீஸுக்கு அரை நாள் லீவு போட்டேன். மாட்டுங்காவில் எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான டாக்டரம்மா. பொறுமையாகப் பார்த்தார். சில கேள்விகள் கேட்டார். பிறகு ஸ்டெதஸ்கோப்பை மேஜையில் வைத்துவிட்டு நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கேன்சரும் இல்லை, ஒண்ணும் இல்லை. நீ பொண்ணாவும் மாறலை. வளர்றே கண்ணா, அவ்வளவுதான். பொண்ணுகளுக்கு இருக்கற ஹார்மோன் பையன்களுக்கும் கொஞ்சம் உண்டு. இந்த வயசுல ஆண் ஹார்மோன், பெண் ஹார்மோன் ரெண்டும் ஏறும், எறங்கும். அப்போ சில பேருக்கு இப்படி வீங்கி வலிக்கும். பெரும்பாலும் தானாப் போயிடும். மாசக்கணக்கா ஆகும், சில சமயம் அதுக்கும் மேல. பெரிசாயிண்டே போனாலோ, வேற ஏதாவது தெரிஞ்சாலோ உடனே வா. பார்க்கலாம்."

விக்கி சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டான்.

"கோவம் வரதா?"

"இல்ல."

"காரணமே இல்லாம அழுகை?"

"இல்ல..." தரையைப் பார்த்தான். "கொஞ்சம்."

"அதுவும் இதே கதைதான். ஒடம்பு ஓடற வேகத்துக்கு மனசும் ஓடணுமோல்லியோ? மூச்சு வாங்கும். உங்க கபடி டீம்லயும் சில பேருக்கு இது இருக்கும். வாயைத் தொறந்து சொல்லியிருக்க மாட்டா."

வெளியே வந்தோம். டாக்ஸிக்காக நின்றபோது அவன் திடீரென்று என் கையைப் பிடித்தான்.

"மாமா... எங்க கேப்டன் ஏன் எப்பவும் ரெண்டு பனியன் போடுதான்னு இப்பத்தான் புரியுது!"

சிரித்தான் பாருங்கள்... கீச்சும் லாரி டிரைவரும் சேர்ந்து. ஒரு மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. அந்த டாக்டரம்மாவுக்கு நான் என்ன சொல்லி நன்றி சொல்ல?

வீட்டில் காவ்யாவிடம் கேட்டேன், உனக்கு இதெல்லாம் முன்பே தெரியுமா என்று. "ஸ்கூல்ல ஒரு மேடம் வந்து கிளாஸ் எடுத்தாங்களே!" என்றாள். விக்கி எங்கே இருந்தானாம்? "பாய்ஸ் எல்லாரையும் கிரவுண்டுக்குப் போயி விளையாடச் சொல்லிட்டாங்க."

யோசித்துப் பாருங்கள். பெண்ணுக்கு ஒரு கிளாஸ், ஒரு குடிசை, ஒரு மாலை, தெருவையே அடைக்கும் ஃபிளெக்ஸ். அவளுக்கு அந்த ஃபிளெக்ஸ் பிடித்ததா என்று யாரும் கேட்கவில்லை – அது தனிக் கதை. பையனுக்கு? ஒரு பந்து. போய் விளையாடு!

அக்காவிடம் விஷயத்தைச் சொல்ல எனக்குப் பயம். சொன்னதும் முதலில் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "பக்கத்துலதான கெடந்தான்! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே!" என்று கண் கலங்கினாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

காவ்யாவுக்குத் தினமும் கிண்டும் உளுந்தங்களி. கருப்பட்டியும் நல்லெண்ணெயும் மணக்க மணக்க வந்தது. இந்த முறை இரண்டு தட்டு.

"இது பொம்பளப் பிள்ளைங்க திங்கதுல்லா?" என்றான் விக்கி.

"வளருத பிள்ளைங்க திங்கது. வாயை மூடிட்டுத் தின்னு."

"வாயை மூடிட்டு எப்படிம்மா திங்க முடியும்?" இது காவ்யா.

மூன்று பேரும் சிரித்தார்கள். நான் என் தட்டுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. நான் வளர்ந்து முடித்துவிட்டேனாம்.

விக்கியால் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க முடியும். அதனால் இந்தப் பத்தியை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். "போடுங்க மாமா. ஆனா பேரை மாத்துங்க" என்றான். விக்கி – அவனே வைத்துக்கொண்ட பெயர். அவனுக்கும் என் நன்றி. நாங்கள் சிரித்த பிறகும் அண்டாவைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு முறை சொன்னானே... அந்தத் தைரியம் எனக்கு அந்த வயதில் இருந்ததில்லை.

இப்போது அவன் மறுபடி கபடிக்குப் போகிறான். வலிக்கிற நாளில் "வலிக்குது" என்று சொல்லிவிட்டு வெளியே உட்காருகிறானாம். கேப்டனும் பக்கத்தில் வந்து உட்காருகிறானாம்.

வருகிற ஞாயிறு டாக்டரம்மாவை எங்கள் சந்து மண்டல் அறைக்கு – இங்கே மன்றத்துக்கு அதுதான் பெயர் – அழைத்திருக்கிறேன். கபடி டீம் முழுக்க வரும். வாய் திறப்பார்களா? தெரியாது. "மொதக் கேள்வி நான் கேக்கேன் மாமா" என்று விக்கி சொல்லியிருக்கிறான். அக்கா ஒரு பெரிய தூக்குவாளி களி கிண்டித் தருவாள்.

தாய்மாமன் சீர் என்றால் இதுவும் சீர்தானே? ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருக்கிறான் மருமகன்:

"ஃபிளெக்ஸ் மட்டும் வச்சிராதீங்க மாமா!"