உள்ளங்கையில் தேய்த்த சாகே

ஆமாம், இன்று மத்தியானம் போடியில், எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து நான் சாகே குடித்தேன். ஜப்பான்காரர்களின் அரிசி மது.

ஒசாகாவில் வேலை பார்க்கும் கொழுந்தன் லீவில் வந்தபோது மூன்று பாட்டில் கொண்டுவந்திருந்தான். எதில் என்ன ருசி வரும் என்று அச்சடித்த அட்டையும் கூடவே.

முதல் பாட்டிலில் இரண்டு சொட்டை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து முகர்ந்தேன். பதினெட்டு வருடமாக ஏலக்காயைத் தரம் பிரிக்கும் கை வேறென்ன செய்யும்?

"மதினி, அது சென்ட்டு இல்ல" என்று சிரித்தான்.

ஒரு வாய் குடித்துவிட்டு, "வடிச்ச கஞ்சி ஆறுனா ஒரு வாசம் வருமே, அது" என்றேன். அட்டையில் பேரிக்காய் என்று இருந்ததாம். இரண்டாவது எனக்குச் செங்காய்க் கொய்யா. அட்டைக்கு முலாம்பழம்.

"அட்டை எழுதுனவரு ராசிங்காபுரத்துக் கொய்யா தின்னுருக்க மாட்டாரு தம்பி."

மூன்றாவதை நாக்கில் வைத்ததுமே டம்ளரைத் தள்ளிவிட்டேன். "இது சூடு பட்டது. காயவைக்கும்போது தீ கூடிப்போன ஏலக்காய் மாதிரி நாறுது."

"இருக்கறதுலயே இதுதான் ஒசத்தி மதினி. உங்களுக்குப் பழக்கமில்ல."

என் வீட்டுக்காரர்தான் மெல்ல வாயைத் திறந்தார். "டேய், நேத்து குரங்கணி போனப்ப இதைத்தானடா நாள் பூரா ஜீப்புல, வெயில்ல விட்டுட்டோம்?"

அட்டை கொழுந்தனின் சட்டைப்பைக்குள் போய்விட்டது.

"பொம்பளை குடிச்சதைப் பதிவு வேற போடணுமா" என்று இதற்குக் கீழே எழுதவரும் சொந்தங்களே, பாட்டிலில் மீதி இருக்கிறது. வந்து முகர்ந்து, என்ன வாசம் என்று சொல்லுங்கள். சரியாகச் சொல்பவர் மட்டும் என்னைத் திட்டலாம்.