சிவப்பு நைலான் நூல்

உத்திரமேரூரில் மாட்டுவண்டிப் படுதா தைக்கும் கடை என்னுடையது. நைலான் நூல் புதிதாக வந்த காலம். வெந்நீரில் நனைத்து, சாயம் போகாது என்று பார்த்த பிறகே ஒரு சிவப்பு நூல்கண்டு வாங்கியிருந்தேன்.

அன்று புள்ளலூர் வண்டிக்காரர் படுதாவுக்காகக் காத்திருந்தார். டீ குடித்துவிட்டு வந்த நான், பழக்கப்படி நூல் நுனியை வாயில் வைத்து நனைத்துத் துப்பினேன். எச்சில் சிவப்பாக விழுந்தது!

சாயம் போகாத நூல். அப்படியென்றால் ரத்தம், டி.பி.யேதான்! ஊரையே கிண்டலடிக்கும் நான் மெஷினைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

"அண்ணே, ரத்தமா வருது! என் வூட்ல சொல்லிடுங்க!"

"இன்னாத்துக்குப் பேஜார் பண்ற? நீ டீ குடிக்கப் போனப்ப நாந்தான் நூலை வாயில வச்சு நனைச்சு, ஊசில கோக்கப் பாத்தேன். ஓட்டையில நிக்காம வயுக்கினே போவுது" என்றார் அவர், வாய் நிறைய வெற்றிலை புகையிலையோடு.

அப்போதுதான் புகையிலைக் காரம் நாக்கில் உறைத்தது. கடைவாசலில் வாந்தியெடுத்தபடியே, 'ரத்தமாகவே இருந்திருக்கக் கூடாதா!' என்று ஏங்கினேன்.

நைலானில் எச்சில் ஊறவே ஊறாது. இப்போது நுனியைக் கத்தரியால் சாய்வாக நறுக்கித்தான் கோக்கிறேன். அவரை மட்டும் என்ன சொல்ல? அதற்கு முன் அத்தனை வருஷமும் என் எச்சிலையும் சேர்த்துத் தைத்துத்தானே ஊருக்குக் கொடுத்தேன்?