அண்ணன் சொன்னதாக நான் சொன்னவை

ஒன்பது வயதுவரை எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து நான் ஒருத்தியே பேசினேன். என் பேச்சு ஒன்று, அண்ணன் பேச்சு ஒன்று. அவன் பிறக்கும்போதே மூச்சு முட்டியதில் கைகாலெல்லாம் விறைத்துக்கொண்டு, வாய் வார்த்தைக்கு வளையாமல் போய்விட்டது. காதும் அறிவும் மட்டும் படு கூர்மை. அவன் "ம்ம்ஆ" என்று இழுத்தால் அம்மா உடனே என் பக்கம் திரும்புவாள்.

"இன்னாடி சொல்றான்?"

எனக்குத் தெரிந்தால் தெரிந்ததைச் சொல்வேன். தெரியாவிட்டால் எனக்குத் தோன்றியதைச் சொல்வேன். "ஐஸ் வேணுமாம்மா. ரெண்டா வாங்கணுமாம்." நான் சொன்னதை எங்கள் குப்பத்தில் ஒருவரும் சந்தேகப்பட்டதில்லை. தங்கச்சி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று என்னைக் காட்டித் தங்கள் பிள்ளைகளைத் திட்டினார்கள். நானும் வெட்கமே இல்லாமல் அந்தப் பெயரை வாங்கிக்கொண்டேன்.

ஏரிக்கு நடுவில் இருக்கிற ஊர் எங்களுடையது. பள்ளிக்கூடத்தில் மூன்று, நாலு, ஐந்து மூன்று வகுப்புக்கும் ஒரே அறை. அவன் ஐந்தாவது, நான் நாலாவது. வருகை எடுக்கும்போது அவன் பெயருக்கும் நான்தான் எழுந்து "உள்ளேன் டீச்சர்" என்பேன்.

அந்த வருஷம்தான் வாரத்துக்கு இரண்டு நாள் பழவேற்காட்டிலிருந்து ஒரு சிறப்பு டீச்சர் போட்டில் வர ஆரம்பித்தார். செருப்பைக் கையில் பிடித்து, புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி வருவார். முதல் நாள் அவர் அண்ணனிடம் ஏதோ கேட்டார். வழக்கம்போல நான் பதில் சொன்னேன். "நீ நல்லா பேசுறம்மா. நான் அவனைத்தான் கேட்டேன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

அடுத்த வாரம் சிலேட்டு அளவில் ஒரு டேப் கம்ப்யூட்டர் கொண்டுவந்தார். திரை நிறையச் சின்னச் சின்னப் படங்கள். தொட்டால் பேசும். அண்ணனுக்குக் கை உதறுவதால் ஒன்றைத் தொடப் போய் நான்கைத் தொட்டான். டேப் கண்டபடி உளறியது, பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் அசரவில்லை. ஒரு பிளாஸ்டிக் டப்பாவின் மூடியில் படத்துக்கு ஒரு ஓட்டை என்று வெட்டித் திரைமேல் பொருத்தினார். அவன் கையை அதன்மேல் ஊன்றிக்கொண்டு, விரல் முட்டியை வேண்டிய ஓட்டைக்குள் விட்டுத் தொட்டான். அடடா, என்ன மூளை அந்த அம்மாவுக்கு! இத்தனை நாள் எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

அந்த டேப்பில் "மீன்" என்று ஒரே ஒரு படம் இருந்தது. வகுப்பே கொந்தளித்துவிட்டது. "மீனுன்னா இன்னா மீனு டீச்சர்?" டீச்சர் சிரித்துவிட்டுச் சாயங்காலம் படகுத்துறைக்குப் போய், கூடை கூடையாகப் பார்த்து மடவை, கெளுத்தி, கொடுவா, இறால், நண்டு எல்லாவற்றையும் ஃபோனில் படம் பிடித்து வந்து உள்ளே ஏற்றினார். குரலுக்கு எங்கள் வகுப்புப் பையன் ஒருவனையே பேசவைத்துப் பதிந்தார். அதனால் எங்கள் அண்ணன் டேப்பில் பேசினால் எங்கள் குப்பத்துப் பையன் பேசுவது போலவே இருக்கும்.

மறுநாள் வருகை எடுக்கும்போது நான் எழுவதற்குள் "உள்ளேன் டீச்சர்" என்று சத்தம் வந்தது. அறையே கைதட்டியது. அண்ணன் வியர்த்து வழிந்து, வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தான். அவன் சந்தோஷத்தைப் பார்த்து எனக்கும் அழுகை வந்தது. ஆனால் எனக்கு வேலை போய்விட்டது என்பதும் அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. வயிற்று வலி என்று சொல்லி வீட்டுக்கு ஓடிவிட்டேன்.

டேப்பை வீட்டுக்கும் கொடுத்துவிட்டதால் வீட்டிலும் வினைதான். அவனுக்கு உயிர் இறால்தான் என்று நான் வருஷக்கணக்கில் சொல்லிவைத்திருந்தேன். என்ன குழம்பு வேண்டும் என்று அம்மா கேட்டதும் அவன் கொடுவாவைத் தொட்டான். மறுநாளும் கொடுவா. அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "புதுசுல்லம்மா, தப்பாத் தொடுது" என்று சமாளித்தேன்.

ஐந்தாவது முடிந்தால் ஆறாவதுக்கு அக்கரைப் பெரிய பள்ளிக்குப் போக வேண்டும். அண்ணனைச் சேர்ப்பதா, வீட்டிலேயே வைத்திருப்பதா என்று பேச அந்தப் பள்ளியின் ஹெச்.எம். கூப்பிட்டிருந்தார். அவன் போய்விட்டால் நான் தனி. அதோடு, யாருக்காகப் பேசினேனோ அவனும் இல்லாவிட்டால் நான் யார்? முந்தின நாள் சாயங்காலம் டேப்பை சார்ஜ் போடச் சொன்னாள் அம்மா. ப்ளக்கைச் சொருகினேன். சுவிட்சைப் போடவில்லை. மறந்துவிட்டேன் என்று பல வருஷம் சொல்லியிருக்கிறேன். மறக்கவில்லை.

நைனா அவனைத் தூக்கிப் போட்டில் வைத்து, அம்மாவையும் என்னையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போனார். சிறப்பு டீச்சர் முன்னமே அங்கே வந்திருந்தார். ஹெச்.எம். அறையில் டேப்பைத் திறந்தால் கரேல் என்று கிடந்தது. ஹெச்.எம். நல்லவர்தான். "இங்க வந்து படிக்கிறியாப்பா?" என்று அவனையே கேட்டார். அண்ணன் உடம்பை முறுக்கிக்கொண்டு சத்தம் போட்டான். அம்மா என்னைப் பார்த்தாள்.

"இன்னாடி சொல்றான்?"

"வரலையாம். வீட்லயே இருக்குதாம். தினம் போட்டுல வர பயமாம்."

ஹெச்.எம். தலையாட்டிக்கொண்டே பேனாவை எடுத்தார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். வாசலில் நின்ற நைனாவுக்குத்தான் தாங்கவில்லை. "போட்டுக்கு பயமா? இவனுக்கா? அலையில போட்டு எகிறுனா விழுந்து விழுந்து சிரிப்பானே டீச்சர்!" மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்துவிட்டு நான் தேடித் தேடிப் பிடித்த பொய் அது.

சிறப்பு டீச்சர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பையிலிருந்து லேமினேட் செய்த ஒரு அட்டையை எடுத்து அவன் முன்னால் வைத்தார். டேப்பில் இருந்த அதே படங்கள், அதே இடத்தில். "கரண்டை நம்பி ஒரு புள்ளையோட பேச்சை விட முடியுமா மேடம்?" என்றார்.

அண்ணன் கை நடுங்கி நடுங்கிப் போனது. நான். பள்ளிக்கூடம். போகணும். அந்த "போகணும்" மேல் மட்டும் மூன்று முறை குத்தினான். ஹெச்.எம். எழுந்து வந்து அவன் தோளைப் பிடித்து, "ஜூன்ல வந்துடு ராஜா" என்றார். அவன் நிறுத்தவில்லை. தங்கச்சி படத்தைத் தொட்டான். அடுத்து வாய். அடுத்து, கதவை மூடுகிற படம். அறையே வெடித்துச் சிரித்தது. எனக்கு மானம் போனது. ஆனாலும் சொல்கிறேன், இருக்கிற படங்களை வைத்து இப்படி ஒரு பேச்சு பேச எத்தனை கெட்டிக்காரத்தனம் வேண்டும்! இன்றைக்கு அவன் பொன்னேரியில் வேலை பார்க்கிறான். ஃபோனில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி என்னைத் திட்டி அனுப்புகிறவற்றில் ஒன்றுகூட அதற்கு ஈடில்லை.

திரும்பும்போது போட்டில் அம்மா அந்த அட்டையை அவன் மடியில் விரித்தாள். என்னைத் தாண்டி அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"உனக்கு இன்னா வேணும் கண்ணு? நீயே சொல்லு."

அவன் நிதானமாகத் தேடினான். கால். வலி.

அம்மா பழக்கதோஷத்தில் என் பக்கம் திரும்பினாள். நானும் பழக்கதோஷத்தில், "வலிக்கலையாம்மா" என்றேன்.

அவன் காலில் இருந்தது மாற்றுத்திறனாளி முகாமில் கொடுத்த பெல்ட் வைத்த ஷூ, இரண்டு வருஷத்துப் பழசு. காலையில் அதை மாட்டிவிடும்போதெல்லாம் "கடிக்குதான்னு கேளுடி" என்பாள். விளையாட ஓடுகிற அவசரத்தில் நான் அவனைக் கேட்காமலே "கடிக்கலையாம்" என்று சொல்லிவிடுவேன். இப்போது அம்மா பெல்ட்டை அவிழ்த்தாள். காய்த்துப்போன பழைய புண்மேல் புதுப் புண். அந்தக் காலைத் தன் மடியில் ஏந்தி, முந்தானையால் மூடிக்கொண்டு அழுதாள். நைனா இன்ஜினை நிறுத்திவிட்டு, "இன்னா, இன்னா ஆச்சு?" என்றார்.

எனக்கு ஒரு அடி விழவில்லை. ஒரு வசவு இல்லை. இவ்வளவு பொய் வெளியே வந்தும் அம்மா நம்மைத் திட்டவில்லையே, பையன் பெரிய பள்ளிக்குப் போகிற சந்தோஷத்தில் அழுகிறாள்போல, எப்படியோ தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டு, தண்ணீரில் கையை விட்டு விளையாடியபடியே வீடு வந்து சேர்ந்தேன்.