கண்ணாடி மூலையில் ஒஸ்வால்ட்

ஒஸ்வால்ட் கொட்டாஞ்சேனைப் பையன். துறைமுகக் கந்தோரில் எழுதுவினைஞன். வாயைத் திறக்கவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். தொண்ணூற்றெட்டில் நாங்கள் இருவரும் பின்னேர வகுப்பில் சினிமா படித்தோம். என் பரீட்சைப் படத்துக்கு அவனைத் தொடர்ச்சி பார்க்கப் போட்டேன். முந்திய காட்சியில் நாயகி என்ன வளையல் போட்டிருந்தாள், தலையை எந்தப் பக்கம் வகிர்ந்திருந்தாள் என்று பார்த்து நினைவில் வைத்திருக்கும் வேலை. பேசாத மனிதனுக்கு அதைவிட நல்ல வேலை உண்டா?

நாயகி தவமணி. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண். வெள்ளவத்தையில் ஒரு சேலைக்கடையில் வேலை செய்தாள். படத்தையும் அங்கேதான் எடுத்தோம். முதல் நாளே ஒஸ்வால்டின் மனம் பறிபோய்விட்டது. அவளைப் பார்த்துக்கொண்டிருப்பதே அவன் வேலையென்பதால் யாரும் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் அவளிடம் சொல்லத்தான் அவனால் ஏலவில்லை. அவள் அண்ணன் இராமரோ தை மாதம் அவளை ஊருக்குக் கூட்டிப்போய்க் கல்யாணம் செய்துவைக்கத் தீர்மானித்திருந்தார். சொல்லித் தொலை என்று நான் எத்தனை தடவை திட்டியிருப்பேன்.

"நாளைக்குச் சொல்லுறன் ருக்கியா" என்பான்.

கடைசி நாள் தவமணி வந்த பஸ்ஸைச் சோதனைச் சாவடியில் மறித்து, அவளை இறக்கி நெடுநேரம் விசாரித்திருக்கிறார்கள். சாவடி வருமுன் ஒட்டுப்பொட்டை எடுத்துக் கைப்பைக்குள் ஒட்டிக்கொள்வதும், தாண்டியபின் திரும்ப வைப்பதும் அந்த யுத்த காலத்தில் தமிழ்ப் பெண்களுக்குப் பழகிப்போன காரியம்; பொட்டைக் கண்டால் தமிழரென்று பிடித்து விசாரிப்பார்கள். அன்று நடுங்கிக்கொண்டே வந்தவள் திரும்ப வைக்க மறந்துவிட்டாள். ஒஸ்வால்ட் ஓடிப்போய்ப் பிளேன்டீ வாங்கிவந்தான். அவள் கண்களையே பார்த்துக்கொண்டு நின்றவன் நெற்றியைக் கவனிக்கவில்லை. படத்தைத் தொகுக்கும்போதுதான் தெரிந்தது. கடைக்குள் பொட்டோடு நிற்கிறவள், கடைசி நாள் எடுத்த காட்சியில் கதவைத் தாண்டி வெளியே வரும்போது வெறும் நெற்றியோடு வருகிறாள். கடைக்காரர் இன்னொரு நாள் தரமாட்டார். ஒஸ்வால்ட் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

தவமணி சிரித்தாள். "இதுக்குப் போயி ஏன் மொகத்தத் தொங்கப் போடுறீங்க? வெளிய போக முந்தி பொட்ட எடுக்குற மாதிரி ஒரு காட்சி வைங்க. நெசமும் அதுதானே."

அதற்குக் கொம்பனித்தெருவில் என் வீட்டுக் கண்ணாடியே போதுமாக இருந்தது. அவள் அதன் முன் நின்று பொட்டை மெல்ல உரித்தாள். அவள் முகத்தில் வெளிச்சம் விழுவதற்காக ஒஸ்வால்ட் பக்கத்தில் ரெஜிபோம் எனும் வெள்ளை நுரைப்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு போட்டுப் பார்த்தால், கண்ணாடி மூலையில் அவன் முகம் விழுந்திருக்கிறது. கையிலுள்ள பலகையை மறந்து அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அப்படியொரு பார்வையை யாரும் நடித்துக் காட்ட முடியாது. வெட்டியிருக்க வேண்டும். நான் வெட்டவில்லை. இவன் வாயிலிருந்து இந்த ஜென்மத்தில் வராது, பரீட்சைப் புள்ளி போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மார்கழியில் படத்தைத் திரையிட்டார்கள். இராமர் அண்ணனும் தங்கையோடு வந்திருந்தார். அவள் பொட்டை எடுத்தபோது மண்டபம் அமைதியாகிவிட்டது. மறுகணம் மூலையில் ஒஸ்வால்டைக் கண்டுபிடித்து யாரோ சிரிக்க, மண்டபமே சிரித்தது. விளக்குப் போட்டதும் இராமர் தங்கை பக்கம் திரும்பினார்.

"யாரும்மா அந்தத் தம்பி?"

"ஒஸ்வால்ட். நான் அவரத்தான் கட்டிக்குவேன் அண்ணே. ஊர்ல பேசினத நிப்பாட்டுங்க."

"அவரு ஒன்னயக் கேட்டாரா?"

"இப்பதான் கேட்டாரு. நீங்களும்தானே பாத்தீங்க."

இராமர் ஒஸ்வால்டைத் தேடிப் பிடித்தார். "வேதக்காரத் தம்பியா, சர்ச்சுக்குப் போறவரா?"

"ஓம்."

"என் தங்கச்சி சொல்றது நெசமா?"

ஒஸ்வால்டின் காது சிவந்திருந்தது. ஆனால் குரல் பின்வரிசைவரை கேட்டது. "ஓம் அண்ணே. ரெண்டு மாசமா நான் மனசுக்குள்ள கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன். இப்ப உங்களிட்டையும் கேக்கிறன். தவமணிய எனக்குத் தாங்க."

இராமர் அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவன் தோளில் கைபோட்டு வெளியே கூட்டிப்போனார்.

படத்துக்குப் புள்ளியும் நன்றாகவே கிடைத்தது. தை மாதம் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை மட்டும்தான் மாறினார்.