அம்மா மெழுகிய வெடிப்பு

போன வாரம் குண்டசாலைச் சந்தியில் இருக்கும் நாற்றுக்கடையில் ஒரு பை மாட்டெரு வாங்கினேன். சாணியைக் காயவைத்துப் பையில் அடைத்து, மேலே சிரிக்கிற மாட்டின் படம் போட்டு விற்கிற காலம் இது. தன் சாணிக்கு இவ்வளவு மரியாதை கிடைக்கும் என்று அந்த மாடு கனவிலும் நினைத்திருக்காது. பழைய பெயின்ட் வாளிகளில் போஞ்சி விதை போடலாம் என்று வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தேன். மேலே காய்ந்த தூள், அடியில் கொஞ்சம் ஈரம். அந்த ஈரத்தின் வாசனை மூக்கில் ஏறியதும் பையை அப்படியே சுருட்டி மூடிவிட்டேன். சாணி வாசனைக்குப் பயப்படுகிற ஒரே பெண் கண்டியில் நானாகத்தான் இருப்பேன். சிரிக்காதீர்கள், காரணத்தைச் சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு இலையுதிர்காலம் என்று ஒரு பாடம் இருந்தது. படத்தில் சிவப்பு இலைகளும், கம்பளிச் சட்டை போட்ட பிள்ளைகளும். டீச்சர் மழைச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி அதை நடத்துவார். எங்கள் ஊரில் ஐப்பசியில் இலை எங்கே உதிர்கிறது? மண்தான் உதிரும். காலையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், மத்தியானம் மலைக்குப் பின்னாலிருந்து கறுத்துக்கொண்டு வரும், பிறகு ஊற்று ஊற்றென்று ஊற்றும்.

அந்த மழையை நம்பித்தான் அம்மாவின் தோட்டமும் இருந்தது. கண்டி நகரத்துக்கு மேலே, பஸ் நிற்குமிடத்திலிருந்து மூச்சு வாங்க ஏறிப்போகிற ஒரு சரிவில் எங்கள் வீடு. அப்பா மாநகரசபையில் தண்ணீர்க் குழாய் வேலை பார்த்தார். அம்மா கம்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்துக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவள். ஒற்றைச் சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருமினாலும் இந்தப் பக்கம் கேட்கும் இடம் அது. அங்கிருந்து வந்து, சொந்தமாக ஒரு வாசலும் வாசலுக்குக் கீழே நாலு பாத்தியும் கிடைத்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. போஞ்சி, கறிமிளகாய், கீரை, ஓரத்தில் தீபாவளிப் படையலுக்கென்று வரிசையாகச் செவ்வந்தி. "தோட்டத்த விட்டு வந்தும் ஒனக்குத் தோட்டந்தானா?" என்று அப்பா கேலி செய்வார். "அது தொரையோட தோட்டங்க. இது என்னோடது," என்பாள் அம்மா.

பாத்திகளுக்குக் கீழே வேலி. வேலிக்குக் கீழே, எங்கள் மண்ணின் காலடியில், பரீதா தாத்தாவின் வீடு. தாத்தா என்றதும் தாடி வைத்த கிழவரை நினைத்துவிடாதீர்கள். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவைத்தான் தாத்தா என்பார்கள். அம்மா அப்படிக் கூப்பிட்டதால் நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அவருடைய புருஷன் ஒரு கடையில் தையல் வேலை செய்தார். நோன்பு வந்தால் அங்கிருந்து கஞ்சி மேலே ஏறிவரும், தீபாவளிக்கு இங்கிருந்து முறுக்கு கீழே இறங்கிப்போகும். பாத்திரம் ஒருநாளும் வெறுமையாகத் திரும்பியதில்லை.

அந்த வருஷம் ஐப்பசி பிறந்ததிலிருந்தே மழை விடவில்லை. ஒரு நாள் காலையில் வாசல் கூட்டிக்கொண்டிருந்த அம்மா, விளக்குமாற்றோடு அப்படியே நின்றுவிட்டாள். முற்றத்தின் ஓரத்தில், பாத்திகள் தொடங்கும் இடத்தில், ஒரு கோணல் கோடு. எறும்புக் கோடு என்றுதான் நான் நினைத்தேன். குனிந்து விரலை வைத்தேன், சுண்டுவிரல் நகம் உள்ளே போயிற்று. "எடுடி கைய!" என்று அம்மா போட்ட சத்தத்தில் காக்காய் பறந்தது. அவள் என்னைத் திட்டி நிறையக் கேட்டிருக்கிறேன். அந்தக் குரல் வேறு. அதில் கோபமே இல்லை.

அப்பா வந்து பார்த்தார். முகம் சுருங்க அம்மாவிடம் சொன்னார்.

"மூடாத புள்ள. தெறந்தே கெடக்கட்டும். கூடுதா இல்லையான்னு பாக்கணும்."

"தீவாளிக்கு வாசல் வெடிச்சிக் கெடந்தா எப்புடிங்க படைக்கிறது? செத்தவங்க வந்து நிக்கிற எடம்."

"ஆபீசுல ஒரு வார்த்த சொல்லிப் பாக்கவா?"

"சொன்னா என்ன சொல்லுவாங்க? வீட்ட விட்டு எறங்குன்னுவாங்க. எறங்கி எங்க போறது, மறுபடியும் லயத்துக்கா?"

அப்பா குடையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் அம்மா பால்காரர் வீட்டிலிருந்து சாணி வாங்கிவந்தாள். களிமண்ணைப் பிசைந்து வெடிப்பில் திணித்து, மேலே சாணியைக் கரைத்து மெழுகினாள். மழை அடிக்காமல் தறப்பாளை இழுத்துக் கட்டினாள். சாணம் காய்ந்ததும் மேலே மாக்கோலம். பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், எங்கள் எல்லோருக்குமே நிம்மதியாக இருந்தது. அப்பாகூட முதலில் முணுமுணுத்துவிட்டு, பிறகு கோலத்தை மிதிக்காமல் சுற்றிப் போனார். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இல்லாத வெடிப்பு என்று எப்படித்தான் நம்பினோமோ.

ஆனால் வெடிப்பு கூடிக்கொண்டே போவது அம்மாவுக்குத் தெரியும். இல்லாவிட்டால் ஏன் தினமும் மெழுகவேண்டும்? வெள்ளிக்கிழமை மட்டும் மெழுகுகிறவள், தீபாவளி வருது தீபாவளி வருது என்று சொல்லிச் சொல்லித் தினமும் மெழுகினாள். ஒவ்வொரு நாளும் களிமண் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்பட்டது. நான் சட்டியை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். திணிக்கத் திணிக்க மண் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். எங்கே போகிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவள் சொல்லிவிடுவாளோ என்று பயம். அந்த நாட்களில் நான் வாசலில் நடக்கும்போது காலை மெதுவாக ஊன்றுவேன், நான் பாரமில்லாமல் இருந்தால் வீடு நிற்கும் என்பதைப்போல. சோறுகூடக் குறைத்துச் சாப்பிட்டேன். புத்திசாலிப் பிள்ளை!

தீபாவளிக்கு முதல்நாள் பின்னேரம். அம்மா முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். பரீதா தாத்தா முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு, நனைந்தபடி படியேறி வந்தார். சாதாரணமாக வந்ததும் முறுக்கைக் கேட்டு வாங்கிக் கடிப்பவர், அன்று அடுப்புப் பக்கமே பார்க்கவில்லை.

"தங்கச்சி, எங்கட பொறத்துச் செவுத்தடியால சேத்துத் தண்ணி வருது. மிச்சம் பயமாயீக்கி. ஒங்கட முத்தத்துல ஏதும் வெடிச்சீக்கா?"

எண்ணெய் சடசடவென்று பொரிந்துகொண்டிருந்தது. அம்மா நிமிராமலே சொன்னாள்.

"இல்லையே தாத்தா. வாசல் நல்லாத்தான் இருக்கு. நீங்களே பாருங்க."

பரீதா தாத்தா எட்டிப் பார்த்தார். மெழுகிய வாசல், கோலம், அதற்கப்பால் பூத்துக் கிடந்த செவ்வந்தி. "அல்ஹம்துலில்லாஹ்," என்று நெஞ்சில் கை வைத்துவிட்டுக் கீழே இறங்கிப்போனார். அவர் போனபின் அம்மா முறுக்கைத் திருப்பவே இல்லை. கரிந்துபோன வாசனை வீடு முழுவதும் பரவியது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருட்டுவதற்குள் அப்பா வந்துவிட்டார். கையில் எங்கள் புதுத்துணிப் பொட்டலம். வாசலில் கால் வைத்தவர் செவ்வந்தி வரிசையைப் பார்த்து நின்றார். காலையில் நேராக நின்ற செடிகள் அத்தனையும் ஒரே பக்கமாக, கீழ்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தன. காற்றுக்குச் சாய்ந்த செடி இப்படி ஒரே ஒழுங்கில் சாயாது. அவர் பொட்டலத்தைப் போட்டுவிட்டுப் பீப்பாயிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீரை அள்ளி வாசலில் ஊற்றினார். கோலம் கரைந்தது, சாணம் கரைந்தது, களிமண் கரைந்து உள்ளே விழுந்தது. அப்பா மண்டியிட்டுக் கையை விட்டார். முழங்கை வரை போயிற்று.

"அடிப்பாவி," என்றார். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, எழுந்து, செருப்புக்கூடப் போடாமல் சறுக்கிக்கொண்டு கீழே ஓடினாள். "தாத்தா! புள்ளைகளத் தூக்கிட்டு வெளிய வாங்க! தாத்தா!" அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. பரீதா தாத்தா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அன்றிரவு இரண்டு குடும்பங்களும் பள்ளிவாசல் பக்கத்து மண்டபத்தில் தங்கினோம். விடிந்தால் தீபாவளி. பரீதா தாத்தா எங்கிருந்தோ நல்லெண்ணெய் தேடிவந்து, "புள்ளைகளுக்குப் பெருநாளில்லையா, தலைல வெய்யி," என்று அம்மாவிடம் கொடுத்தார். அம்மா என் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சத்தம். லொறியில் கருங்கல் கொட்டுவதுபோல, ஆனால் கொட்டி முடியவே முடியாததுபோல. எண்ணெய்க் கையோடு அம்மா என் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். எனக்கு வலித்தது, ஆனால் விடச் சொல்லவில்லை.

எங்கள் வாசலும் பாத்திகளும் அடுப்படியும் பரீதா தாத்தா வீட்டின்மேல் போய் விழுந்திருந்தன. ஓட்டு முகட்டின் ஒரு முனை மட்டும் தெரிந்தது. சாகவில்லை, ஒருவரும் சாகவில்லை. அதைச் சொல்லிச் சொல்லியே எல்லோரும் அழுதார்கள்.

பிறகு நாங்கள் குண்டசாலைக்கு வாடகைக்கு வந்தோம். அவர்கள் கலகெதரவில் தம்பி வீட்டோடு போனார்கள். தீபாவளிக்குத் தீபாவளி பரீதா தாத்தா போன் எடுப்பார். அம்மா கலகலவென்று பேசுவாள், வைத்ததும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். கலகெதரவுக்கு மட்டும் போகவே மாட்டாள். கால் வலி, தலை சுற்று, மழை, ஏதாவது ஒன்று. இந்த வீட்டில் வாசல் முழுக்க சீமெந்து. அவள் அதில் ஒரு நாளும் கோலம் போட்டதில்லை.

போன வருஷம் பரீதா தாத்தாவே மகனோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். முழங்கால் தேய்ந்துவிட்டது, சிரிப்பு தேயவில்லை. கதிரையில் உட்கார்ந்து தேத்தண்ணியைக் கையில் எடுத்தார். அம்மா திடீரென்று சொன்னாள்.

"தாத்தா, அன்னைக்கி வாசல் வெடிச்சித்தான் இருந்துச்சு. தெரிஞ்சிக்கிட்டேதான் நான் இல்லைன்னு சொன்னேன்."

பரீதா தாத்தா கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"எனக்குத் தெரியும் தங்கச்சி. எங்கட அறச் செவுரும் வெடிச்சித்தான் ஈந்த. நான் அலுமாரிய நவத்தி மறச்சி வெச்ச. அவருக்கும் சொல்லல்ல. ஒங்கிட்ட நான் கேக்க வந்ததே, நீ இல்லன்னு செல்லுவாய்ன்னுதான்."

"ஏன் தாத்தா?"

"வெடிப்பு ஈக்குன்னு நீ சென்னா, எங்கட செவுத்தப் பத்தி நானும் செல்லணுமே. சென்னா ரெண்டு பேரும் எங்க போற?"

அம்மா அவர் மடியில் முகத்தைப் புதைத்து அழுதாள். பரீதா தாத்தா அவள் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

அந்தச் சரிவில் இப்போது மானாப்புல் ஆளுயரம் நிற்கிறது. யாரும் வீடு கட்டக்கூடாது என்று பலகை நட்டிருக்கிறார்கள். எங்கே போவது என்ற கேள்விக்கும் எப்படியோ பதில் கிடைத்துவிட்டது. அவருக்குக் கலகெதர, எங்களுக்குக் குண்டசாலை, நடுவில் இரண்டு பஸ். மழை வலுத்தால் நனைந்துகொண்டு ஏறிவந்து "ஏதும் இல்லையே?" என்று கேட்கத்தான் இப்போது ஆளில்லை. இல்லை என்று ஒரு பொய் சொல்லவும் ஆளில்லை. அம்மா தனியாகத்தான் பயப்படுகிறாள்.